பதினேழு சிவப்பு வட்டங்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவனும், முப்பத்தெட்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக ஏறி இறங்கி ஓய்ந்தவனுமாகிய தங்கள் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மேசை மேல் இரண்டு மைக்குகள், கூரையில் ஒரு மின்விசிறி எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்கள், சம்பந்தி, மாப்பிள்ளை, என் மகள், தங்கள் கம்ப்யூட்டர் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் தபால் சனிக்கிழமை வந்தது. பிரித்தால், நான் அனுப்பிய கம்ப்யூட்டர் நிரலின் ஏழு தாள்களும் போன மாதிரியே திரும்பி வந்திருந்தன. முதல் தாளின் தலையில் இருந்த காலி இடத்தில் தங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வரி: “சம்பந்திக்கு, உங்கள் நிரலை இப்படியே நம் தொகுப்பில் சேர்க்க முடியாது.” அதற்குக் கீழே, ஏழு தாளிலும் சிவப்பு வட்டங்கள். எண்ணினேன், பதினேழு, மூலையில் ஓர் அம்புக்குறி தனி. என் வாழ்நாளில் எந்த இன்ஸ்பெக்டரும் என் வேலையில் மூன்று குறைக்கு மேல் சொன்னதில்லை. அதிலும் ஒன்று, பல்பு அவர் வீட்டுக்கு வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அம்மணி, பதினேழு வட்டம் போட ஒரு மனுஷிக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

நான் பொழுது போகாமல் இதை எழுதவில்லை என்பது தங்களுக்கே தெரியும். எட்டு மாதம் முன்பு என் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனது. உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, தாளைக் கசக்காமல் மடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்த அளவு மீதி இருக்கிறது. “உரக்கப் பேசிப் பார்க்கவே கூடாது, இருக்கறதும் போயிடும்” என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கதை படித்தவள் அவள். புலிக்கு ஒரு குரல், அணிலுக்கு ஒரு குரல், சோம்பேறி ராஜாவுக்கு என் குரல். அந்தக் கூடத்தில் நான்கு மின்விசிறிகள், நான்கும் கிழம். மைக்கின் அளவைக் கூட்டினால் அவளோடு விசிறிகளும் சேர்ந்து கதை சொல்கின்றன. விசிறியை நிறுத்தினால் குழந்தைகள் புழுங்கிப் போகிறார்கள். நூலகர் நல்ல மனிதர், சிக்கலே அதுதான். “அம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கதை ரெக்கார்டிங் எவ்வளவோ வந்தாச்சு. அதைப் போட்டுடலாம், நீங்க பக்கத்துல உக்காந்திருந்தாலே போதும்” என்றார். இவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதைப் புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். திரும்ப எடுக்கிற எண்ணம் இருப்பவர்கள் ஸ்டூல் போட்டு வைக்கமாட்டார்கள் சம்பந்தியம்மா. நான் நூலகரிடம் போய் மல்லுக்கட்டி, வருகிற சனிக்கிழமை வரை தவணை வாங்கிவந்தேன். இன்று செவ்வாய்.

கம்ப்யூட்டரில் ஒலியைக் கையாளும் தங்கள் ஒலித்தொகுப்பைக் குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. இப்படி ஒரு கருவியை நான் கண்டதில்லை. மைக்குக்கு ஒரு பெட்டி, கூட்ட ஒரு பெட்டி, குறைக்க ஒரு பெட்டி, எது எதோடு சேர வேண்டும் என்று நாலு வரி எழுதினால் ஒலி அந்த வழியில் ஓடுகிறது. எழுபது வயதில் நான் எழுதிய முதல் நாலு வரியில் என் இருமல் எதிர்ச் சுவரிலிருந்து எனக்கே திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அதைவிட, கையேட்டில் ஒரு வாக்கியம்: “உங்களுக்கு வேண்டிய பெட்டி இதில் இல்லையென்றால், சி மொழியில் நீங்களே செய்து சேர்த்துக்கொள்ளலாம்.” நான் வேலை பார்த்த லிப்ட் கம்பெனிகள் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு அரக்கு வைத்து, அரக்கின் மேல் மிரட்டலும் எழுதி வைப்பார்கள். இங்கே யாரோ ஒரு புண்ணியவான் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படமும் வரைந்து, “வாங்க, உள்ள வாங்க” என்கிறான். “எழுதினவன் மகராசன்! கையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கணும்!” என்று மூன்று மாதம் தினமும் இவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. இவள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் காற்றுக் குரலில், “மகராசன் இல்லீங்க. நம்ம சம்பந்தியம்மா” என்றாள். நம் பிள்ளைகள் கல்யாணத்தில் நான் ஏற்பாடு செய்த மைக் ஊளையிட்டபோது, பட்டுப்புடவையோடு மேடை ஏறி, என் ஒலிபெருக்கியை ஒரு சாண் திருப்பி வைத்து நிறுத்தினீர்களே, அதே சம்பந்தியம்மா. அதை நான் ஆறு வருடமாக மன்னிக்கவில்லை. இருந்தாலும் அந்த ஒரு சாண் கணக்கு சரியானது. கையேடும் சரியானது. பதினான்காம் அத்தியாயத்தோடு எனக்குத் தேவையானது எல்லாம் கிடைத்துவிட்டதால் பதினைந்துக்குப் போகவில்லை.

நான் செய்ய நினைத்த பெட்டி இதுதான். ஒரு மைக் இவள் வாயருகே, இன்னொன்று விசிறிக்குக் கீழே. இரண்டாவதில் கேட்கிற விசிறியை முதலாவதில் கேட்பதிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் இவள். வெறும் கழித்தல்தானே என்று இறங்கினேன். விசிறிச் சத்தம் இரண்டு மைக்குக்கும் ஒரே சமயத்தில் வருவதில்லை. எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பதை நிரல் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். இதைத் தொகுப்பின் சாதா வரிகளிலேயே எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறிற்று. அப்புறம்தான் சி. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறதே என்று இந்த மொழியைப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அழுவார்களாம். எனக்கு என்ன? எந்த லிப்ட்டிலும் தரைத்தளம் பூஜ்யம்தான். ஆனால் மேல்தளத்தில் மாட்டிக்கொண்டேன். தங்கள் தொகுப்பு ஒலியை அறுபத்துநான்கு துணுக்குகள் கொண்ட கட்டுகளாகக் கொடுக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கினால் அறுபத்து மூன்றோடு நிற்க வேண்டும். நான் அறுபத்துநான்கு வரை ஓட்டிவிட்டேன். மொட்டை மாடியையும் பிய்த்துக்கொண்டு லிப்ட் வானத்தில் போயிற்று. நிரல் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தது. அதைச் சரி செய்ததும், பெட்டியையே காணவில்லை, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது தங்கள் கருவி. மூன்று நாள். பெட்டிக்கு ‘மொழி’ என்று பெயர் வைத்திருந்தேன். கோப்புக்கும், உள்ளே அதைத் தொடங்கிவைக்கிற வரிக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டுமாம். ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் இசட்-எச் போட்டு எழுதியவன், இன்னோரிடத்தில் எல் போட்டுவிட்டேன். கண்டுபிடித்தது இவள்தான். “ஏங்க, வாயிலதான் ழ வராதுன்னு நெனச்சேன். கையிலயும் வராதா?” என்று கேட்டாள். எட்டு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்தாள். அதிலும் பாதிச் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

பிறகு, நிரல் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு துணுக்குக்கும் ‘வந்தாச்சு’ என்று திரையில் எழுதச் சொன்னேன். நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துணுக்கு என்பது அந்த நேரம் நினைவில்லை. லிப்ட் ஒவ்வொரு செங்கல்லைத் தாண்டும்போதும் “வந்தாச்சு, வந்தாச்சு” என்று மணி அடித்தால் எந்த மாடிக்குப் போய்ச் சேரும்? “ஒலி ஓடும் பாதையில் எதையும் எழுதாதே, கோப்பைத் திறக்காதே, புதிதாக நினைவகம் கேட்காதே” என்று தாங்கள் கையேட்டில் மூன்று தடவை சொல்லியிருந்தீர்கள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. அதன் பிறகு கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி போட்டுவிட்டேன். விசிறி இரட்டிப்பாயிற்று. கீழ்வீட்டுத் தையல்காரர் வாயில் ஊசியோடு படியேறி வந்துவிட்டார்.

“அண்ணே, மாடியில ஹெலிகாப்டர் எறங்குதா?”

“இல்லப்பா, சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டிருக்கேன்.”

“கொறைச்சுட்டீங்களா, இனிமேதானா?”

ஒரு குறியை மாற்றினேன். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த இரைச்சல் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. ஒரு பெரிய கூட்டத்தை யாரோ மெல்லக் கதவுக்கு வெளியே கூட்டிப் போவது போல. தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, “அண்ணே, இது மந்திரம்” என்றார். மந்திரம் இல்லை, சி. அன்று இவள் ஒரு பக்கம் படித்தாள், நான் அதை இன்னொரு பக்கம் பதிவு செய்துகொண்டே ஒலிபெருக்கியிலும் கேட்டேன். புலி வந்தது, அணில் வந்தது. சோம்பேறி ராஜா வந்தபோது தையல்காரர் என்னைப் பார்த்தார்.

போன மாதக் கடைசியில் நூலகத்தில் ஒத்திகை. அங்கே பதிவெல்லாம் எதற்கு என்று, மைக்கிலிருந்து ‘மொழி’க்கும் ‘மொழி’யிலிருந்து ஒலிபெருக்கிக்கும் நேராக இணைத்தேன். இவள் படித்தாள். ஒலிபெருக்கியில் விசிறிச் சத்தம் துளியும் இல்லை. நூலகர் வியந்துபோய், “அருமை சார், ஒரு இரைச்சல் இல்லையே!” என்றார். அப்புறம், “அம்மா, நீங்க ஆரம்பிக்கலாம்” என்றார். இவள் ஆரம்பித்து இரண்டு பக்கம் ஆகியிருந்தது. விசிறியோடு சேர்த்து இவளையும் தங்கள் கருவி விழுங்கிவிட்டது. நாற்பது நாற்காலிக்கு முன்னால் இவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் நிரலைத் தங்களுக்கு அனுப்பினேன், கோளாறு தங்கள் கருவியில் என்பதற்குச் சாட்சியாக. “வெப்சைட்ல ஏத்துங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. ஏற்றுவது இறக்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் வாசலிலேயே நிறுத்தி, பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி காட்டு என்று கேட்கிற இடத்துக்கு மானமுள்ளவன் போகமாட்டான். ஆகவே தபால்.

இப்போது தங்கள் வட்டங்கள். பூஜ்யத்துக்கு நான் ‘தரைத்தளம்’ என்று பெயர் வைத்ததற்கு ஒரு வட்டம். ஏன், கொச்சையாக இருக்கிறதா? நிரல் கற்றுக்கொள்கிற வேகம் மீறினால் சத்தம் தறிகெட்டு ஏறும். அதைப் பிடித்து நிறுத்த நான் வைத்த தடைக்கு ஒரு வட்டம். லிப்ட் கயிறு அறுந்தாலும் ஆளை விழவிடாமல் பிடிக்கிற தடை அது, அதை வைத்து நான் ஒருவரையும் சாகவிட்டதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நான் எழுதிய குறிப்புகளுக்கு வரிசையாக வட்டம். ‘இங்கே குனிந்து போகவும்’ என்று எழுதியது தங்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். போகட்டும். நிரலின் தலையில் ஒரு குறிப்பு: ‘இந்தப் பெட்டி என் மனைவிக்காக. முப்பத்தொன்பது வருடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கேட்கவில்லை.’ அதற்கும் வட்டம். அதுவும் இரண்டு சுற்று! அம்மணி, நிரலை வரி வரியாகப் பார்க்கிற கம்பைலர்கூடக் குறிப்புகளைப் படிக்காது. ஒரு இயந்திரத்துக்கு இருக்கிற நாகரிகத்தை நான் சம்பந்தியிடம் எதிர்பார்த்தது தப்பா?

தங்களுக்கு வட்டம் போடத் தெரியாத சிறப்பு ஒன்றும் என் நிரலில் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என் முதல் வேலை லிப்ட்டின் தரையைத் துடைப்பது. இரண்டாவது வேலை, ‘இறங்குபவர்களுக்கு வழிவிட்டுப் பின் ஏறவும்’ என்ற தாளைக் கதவருகே ஒட்டுவது. அதே சுத்தத்தை நிரலிலும் வைத்திருக்கிறேன். ஒலி வெளியே போக வேண்டிய இடத்தை, அறுபத்துநான்கு துணுக்கிலும் பூஜ்யம் போட்டுத் துடைத்த பிறகுதான், உள்ளே வந்த குரலை எடுக்கவே போகிறேன். வட்டம் போடுகிற அவசரத்தில் இதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சனிக்கிழமையிலிருந்து அந்தத் தாள்கள் மேசை மேலேயே கிடக்கின்றன. இவள் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் கேட்டது.

“என்னம்மா?”

“பின்னாடி பாருங்க.”

“பின்னாடி என்ன பின்னாடி? எதையும் நான் அப்பவே பாக்கறவன்.”

“ஐயோ, பின்னாடிங்க…”

“தள்ளிப்போடற வேலையே எனக்குப் பிடிக்காது. இன்னைக்கே பதில் எழுதறேன்.”

நேற்றும் சொன்னாள், இன்று காலையிலும் சொன்னாள். குரலை அலட்டிக்கொள்ளாதே என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தி, அவளைப் பேசவிடாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இறுதியாகச் சொல்கிறேன். என் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். கோளாறு தங்கள் தொகுப்பில்தான் என்று தாங்கள் ஒப்புக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்யவும். இல்லையென்றால் சனிக்கிழமை அந்த நாற்காலியில் இவளைப் பொம்மை மாதிரி உட்காரவைத்துவிட்டு, ரெக்கார்டிங் கதை சொல்லும். அந்தப் பழி யாருக்கு என்பதைத் தங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். இத்தனைக்குப் பிறகும் பதினான்காம் அத்தியாயத்தைப் பற்றி நான் சொன்ன எதையும் வாபஸ் வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தங்கள் செவியும் கையும் நூறாண்டு சேதமின்றி இருக்கட்டும். சம்பந்தியிடம் முழங்கால் வலிக்கு மாடிப்படி வேண்டாம், லிப்ட்டில் போகச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், என் மகளுக்கு அவள் அம்மாவின் முத்தம். என் முத்தத்தை நேரில் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வளையாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. கவரில் தங்கள் விலாசம் எழுத, பின்கோடு தேடித் தங்கள் முதல் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள்.

முன்பக்கத்தில் இடமில்லாததால் பின்னால் தொடர்வதாகத் தாங்கள் போட்ட அம்புக்குறியை நான் பதினெட்டாவது குறை என்று நினைத்திருந்தேன். சிவப்பு வட்டங்கள் எல்லாம் தாங்கள் ரசித்த இடங்கள் என்றும், பதினேழோடு நின்றது பேனாவில் மை தீர்ந்ததால் என்றும், தலைக் குறிப்புக்கு இரண்டாவது சுற்று தங்கள் வீட்டுக்காரர் பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தப்பு ஒன்றே ஒன்று என்றும், அதன்மேல் சிவப்பு படக்கூடாது என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டதாகவும் சொல்கிறீர்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், இருக்கிறது. நான் துடைக்கிற இடம்.

தங்கள் தொகுப்பு சிக்கனத்துக்காக, உள்ளே வரும் ஒலிக்கும் வெளியே போகும் ஒலிக்கும் நினைவகத்தில் பல சமயம் ஒரே இடத்தைத்தான் கொடுக்குமாம். வீட்டில் பதிவுப் பெட்டிக்கும் ஒரு கம்பி போனதால் தனித்தனி இடம் கிடைத்திருக்கிறது. நூலகத்தில் நேராக இணைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் சுத்தம் என்று துடைத்தது உள்ளே வந்து நின்ற இவள் குரலை. இது பதினைந்தாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் என்கிறீர்கள். கடைசியில், “இறங்குபவர்களுக்கு வழிவிட்டுப் பின் ஏறவும் என்று கல்யாண மண்டபத்து லிப்ட்டில்கூட ஒட்டினீர்களே சம்பந்தி, அதுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஒட்டியவன் அம்மணி நான்.

துடைக்கிற வரியை எடுத்தேன். மைக்கிலிருந்து நேராக இணைத்தேன். மின்விசிறியை ஐந்தில் வைத்து, “ஏதாவது பேசும்மா” என்றேன். என் முதுகுப் பக்கமிருந்து, ஒலிபெருக்கியில், ஒரு இரைச்சல் இல்லாமல், கணீரென்று வந்தது:

“பின்னாடி பாருங்கன்னு நாலு நாளாச் சொல்றேன்!”

நான் திரும்பிப் பார்த்தேன். கீழிருந்து தையல்காரர், “அண்ணே, அக்கா திட்டறது இங்க வரைக்கும் கேக்குது, நல்லாருக்கு!” என்று கத்தினார். இவள் அதற்குள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

இனி என்னால் பன்னிரண்டு பக்கத்தைத் திரும்ப எழுத முடியாது. மேலே உள்ளவற்றைப் படிக்காமல் தாங்கள் இங்கிருந்து தொடங்கினால் போதும். இதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆகவே கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன்: பின்னாடி பார்க்கவும்.